பெட்டைக் குஞ்சைத் தேடுவோர் சேவலை மறக்கலாமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். நெல், கரும்பு, எலுமிச்சை, தென்னை என்று பயிர் பலவாக இருந்தாலும், சிறு விவசாயியின் வீட்டில் அவசரச் செலவுக்குக் கை கொடுப்பவை கொல்லையில் மேயும் நாலைந்து கோழிகளே. பள்ளிக்கூடச் செலவானாலும் திடீரென்று வந்த விருந்தானாலும், முட்டையோ சேவலோ விற்று ஒப்பேற்றிவிடும் பெண்கள் இவ்வூரில் மட்டுமன்றித் தென்மாவட்டங்கள் எங்கும் உண்டு. இந்தக் கோழிக்குத் தீவனச் செலவும் பெரிதாக இல்லை. களத்தில் சிந்திய மணியையும் கறையானையும் புழு பூச்சியையும் தின்று வளர்வது அது.

இத்தகைய வீடுகளில் இரண்டு பழக்கங்கள் வேரூன்றிவிட்டன. ஒன்று, குஞ்சு வாங்கும்போது "பெட்டையாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டு, அதற்காகக் கூடுதல் விலையும் கொடுப்பது. மற்றொன்று, சேவல்கள் வளர்ந்ததும் கூட்டத்திலேயே திடமான, லட்சணமான சேவலை முதலில் விற்றுவிடுவது, அல்லது கோயில் கொடைக்கு நேர்ந்துவிடுவது. முதல் பழக்கத்தால் போவது சில ரூபாய்தான். இரண்டாவதால் போவது கோழியின் இனம். ஆயினும் குஞ்சிலேயே ஆண் பெண் அறிவது எப்படி என்பதைப் பற்றி நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட, எந்தச் சேவலை நிறுத்துவது என்பதைப் பற்றி நடப்பதில்லை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கூரான முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பது ஊர்களில் வழங்கும் நம்பிக்கை. இது இங்கு மட்டும் உள்ளதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் உழவுத் தொழில் பற்றி நூல் எழுதிய கொலுமெல்லா என்பவரும் இதையே சொல்லியிருக்கிறார். நெடுங்காலம் நிலைத்துவிட்டது என்பதனால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது. முட்டையின் வடிவம் அதை இடும் கோழியின் முட்டைக் குழாயின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு கோழி ஏறத்தாழ ஒரே வடிவத்தில்தான் தொடர்ந்து முட்டையிடும். கூரான முட்டையிடும் கோழிக்கு ஆயுள் முழுவதும் சேவல் குஞ்சே பொரிக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒரு கோழியை எந்த ஊரிலும் கண்டவர் இல்லை.

குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது, ஊசியில் நூல் கோத்து முட்டைக்கு மேலே தொங்கவிட்டு அது ஆடும் திசையைப் பார்ப்பது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவை பலித்தன என்று சத்தியம் செய்வோர் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும் விஷயம் இது. பத்துக் குஞ்சுகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி சொல்லும் ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ சரியாக அமைந்துவிடும் என்பது கணக்கு. அந்த ஒருவர் ஊரில் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். ஐயமுள்ளோர் சோதித்துப் பார்க்கலாம். முப்பது குஞ்சுகளுக்காவது காலில் அடையாள நூல் கட்டி, சொன்னதைத் தாளில் எழுதி மடித்து வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கைராசி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

உண்மையில் ஆண் பெண் என்பது முட்டைக்கு ஓடு கட்டுவதற்கு முன்பே தீர்ந்துபோன காரியம். மனிதரில் பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்தது. கோழியிலோ அது தாயின் பக்கம் இருக்கிறது. பரம்பரைக் குணங்களைத் தாங்கிச் செல்லும் குரோமோசோம்களில் இசட் எனப்படுவது சேவலுக்கு இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாயிடமிருந்து இசட் வந்தால் குஞ்சு சேவல், டபிள்யூ வந்தால் பெட்டை. ஆகவே சேவல் குஞ்சாகவே பொரிக்கிறது என்று பொலிசேவலைக் குறை கூறுவதில் நியாயம் இல்லை. அதற்காகத் தாய்க் கோழியைக் கழிப்பதிலும் பயன் இல்லை. அதன் அடுத்த அடையில் பெட்டைகள் கூடுதலாகப் பொரிக்கலாம்.

அடைச் சூட்டைக் கூட்டியோ குறைத்தோ பெட்டைக் குஞ்சு பெறலாம் என்று சொல்வோரும் உண்டு. ஆமையிலும் முதலையிலும் சூட்டைப் பொறுத்து ஆண் பெண் அமைவது மெய்தான். கோழிக்கு அது பொருந்தாது. சூடு தவறினால் குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகும், அவ்வளவே.

வாசுதேவநல்லூர் அர்த்தநாரீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஆதலால் இங்குள்ளோருக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும். மிக அபூர்வமாகக் கோழியிலும் ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி பெட்டையாகவும் பிறப்பதுண்டு. அத்தகைய மூன்று கோழிகளை ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோவை அடுத்த ராஸ்லின் ஆய்வு நிலையத்தார் ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சேவல் பக்கத்தில் தாடியும் மார்புச் சதையும் கால் முள்ளும் பெரிதாகவும், மறு பக்கத்தில் சிறிதாகவும் இருந்தன. இரு பக்கத்துக்கும் ஓடியது ஒரே இரத்தந்தான். ஆனாலும் சேவல் பக்கத்து அணுக்களில் பெரும்பாலானவை சேவலுக்குரிய அணுக்களாகவும், மறு பக்கத்தில் பெரும்பாலானவை பெட்டைக்குரிய அணுக்களாகவும் இருந்தன. கோழியின் உடலில் ஒவ்வோர் அணுவுக்கும் தான் எந்தப் பக்கம் என்பது கருவிலேயே பதிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வெளியிலிருந்து சூடு காட்டியும் தீனி மாற்றியும் அதை மாற்றுவது எங்ஙனம்?

ஜப்பானியர் கண்ட வழி

ஒரு நாள் குஞ்சில் ஆண் பெண் அறியவே முடியாது என்பதும் சரியன்று. 1920-களில் ஜப்பான் நாட்டு அறிஞர்களான மசுய், ஹாஷிமோட்டோ ஆகியோர் இதற்கு வழி கண்டனர். 1927-இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியியல் மாநாட்டின் மூலம் அது பிற நாடுகளுக்குத் தெரிய வந்தது. குஞ்சு பொரித்த ஒரு நாளுக்குள் எச்சவாயை விரலால் மெல்லத் திறந்து, உட்புறம் குண்டூசித் தலையளவில் உள்ள சிறு மொட்டு ஒன்றைப் பார்த்துப் பிரிப்பதே அந்த முறை. சேவல் குஞ்சில் அம்மொட்டு திரண்டு பளபளப்பாக இருக்கும். பெட்டையில் இராது, அல்லது தட்டையாக இருக்கும். தேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பிரித்துவிடுவார். நூற்றுக்கு 95-க்கு மேல் சரியாக இருக்கும்.

ஆனால் அந்தத் தேர்ச்சி எளிதில் வருவதன்று. பெட்டைக் குஞ்சுகள் சிலவற்றிலும் சிறு மொட்டு இருப்பதால் கண் பழக நெடுநாள் ஆகும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பழகியவருக்கே அது வாய்க்கும். எங்கோ பார்த்த பழக்கத்தில் வீட்டில் இருப்போர் குஞ்சின் பின்புறத்தை அமுக்கிப் பார்ப்பது பெருந்தவறு. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மீதியுள்ள மஞ்சள் கரு ஒரு பையில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்குக் குஞ்சின் உணவு அதுவே. கை அழுத்தத்தில் அந்தப் பை உடைந்தாலும், தொப்புள் வழியே அழுக்கு ஏறினாலும் குஞ்சு நாலாம் நாள் ஐந்தாம் நாள் சோர்ந்து விழும். பத்துக் குஞ்சில் பெட்டை எத்தனை என்று அறியப் போய், இரண்டைச் சாகக் கொடுப்பது என்ன ஆதாயம்?

இந்த வித்தை ஏன் தோன்றியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டில் அடைத்து முட்டைக்கென்றே வளர்க்கும் ஒயிட் லெகார்ன் போன்ற இனங்களில் சேவல் முட்டையும் இடாது, சதையும் போடாது. அங்கே சேவல் குஞ்சு தின்னும் தீவனம் அத்தனையும் நட்டம். ஆதலால் முதல் நாளே பிரித்தாக வேண்டிய கட்டாயம் அத்தொழிலுக்கு ஏற்பட்டது. கொல்லையில் மேயும் நாட்டுச் சேவலின் நிலை அதுவன்று. அது பெட்டையைவிட வேகமாக எடை போடும், பெட்டையைவிட நல்ல விலைக்குப் போகும். கொடைக் காலத்தில் கருஞ்சேவல், செஞ்சேவல் என்று நிறம் சொல்லித் தேடி வருவார்கள். தீபாவளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பண்ணைக்காரரின் கவலையைச் சிறு விவசாயி ஏன் கடன் வாங்க வேண்டும்?

இறக்கையும் நிறமும்

இறக்கையைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் முறை ஒன்றும் உண்டு. சந்தையில் குஞ்சு விற்போர் பெரும்பாலும் இதைத்தான் செய்து காட்டுகின்றனர். ஒரு நாள் குஞ்சின் இறக்கை நுனியில் இரண்டு வரிசைச் சிற்றிறகுகள் முளைத்திருக்கும். கீழ் வரிசை மேல் வரிசையைவிட நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் சமமாக இருந்தாலோ மேல் வரிசை நீண்டிருந்தாலோ சேவல் என்பர். இது பொய்யன்று. ஆனால் இதற்கென்றே அமைத்த இனங்களில் மட்டுமே இது மெய். விரைவில் இறகு முளைக்கும் குணமுள்ள சேவலையும் தாமதமாக முளைக்கும் குணமுள்ள பெட்டையையும் தனித்தனிக் கூட்டமாகக் காத்து, இரண்டையும் சேர்த்தால்தான் மகள் தந்தையைப் போலவும் மகன் தாயைப் போலவும் இறகு கொள்ளும். நாட்டுக் கோழிகளில் இந்தக் குணங்கள் கலந்து கிடக்கின்றன. அங்கே நீண்ட இறகு என்பது அந்தக் குஞ்சின் குடும்ப வாகையே காட்டும், அதன் பாலைக் காட்டாது. நாட்டுக் குஞ்சின் இறக்கையை விரித்துக் காட்டிப் "பெட்டைக்கு இவ்வளவு" என்று தனி விலை கேட்பவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

நிறத்தைக் கொண்டு அறியும் வழி ஒன்று மட்டும், பொறுமையும் ஆர்வமும் உள்ள வீட்டில் கைகூடும். கருப்பும் வெளுப்புமாக இறகின் குறுக்கே மாறி மாறிப் பட்டை ஓடும் கோழிகள் சில ஊர்களில் இருக்கின்றன. பிளிமத் ராக் என்ற அமெரிக்க இனத்தின் நிறம் இது. அத்தகைய பட்டைப் பெட்டையைப் பட்டை இல்லாத சுத்தக் கருஞ்சேவலுடன் சேர்த்தால், பிறக்கும் கருங்குஞ்சுகளில் பின்மண்டையில் வெள்ளைப் பொட்டு உள்ளது சேவல், பொட்டு இல்லாதது பெட்டை. பட்டைக் குணம் இசட் குரோமோசோமில் இருப்பதே இதற்குக் காரணம். தாய் தன் இசட்டை மகனுக்கு மட்டுமே தருவதால் பட்டையும் மகனுக்கு மட்டுமே போகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புன்னெட், பீஸ் ஆகிய இருவரும் 1920-களின் இறுதியில் பொரித்த அன்றே நிறத்தால் பிரிக்கக்கூடிய கேம்பார் என்ற இனத்தை உருவாக்கியது இந்தக் குணத்தைக் கொண்டுதான்.

இதிலும் தவறு நேர இடம் உண்டு. சேவல் பட்டையாகவும் பெட்டை கருப்பாகவும் இருந்தால் இந்த அடையாளம் கிடைக்காது. முதல் தலைமுறைக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தாலும் கிடைக்காது. வெள்ளைப் பெட்டைக்குச் செஞ்சேவலைச் சேர்த்தால் நிறத்தால் பிரிக்கலாம் என்று கேள்விப்பட்டு ஒயிட் லெகார்ன் பெட்டையை வைத்துப் பார்ப்போர் ஏமாறுவர். அந்த இனத்தின் வெள்ளை வேறு வகை. எல்லாக் குஞ்சும் ஒரே மாதிரி வெளுத்தே பொரிக்கும்.

சாயம் பூசிய குஞ்சுகள்

பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பதைப் பார்க்காத ஊர் இல்லை. குழந்தைகள் அழுது வாங்குகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முட்டை இனங்களைப் பொரிக்கும் நிலையங்களில் பெட்டைகளைப் பிரித்தெடுத்தபின் கழித்த சேவல் குஞ்சுகளே. முட்டைத் தொழில் உள்ள நாடுகளிலெல்லாம் இச்சேவல் குஞ்சுகள் பெரும் சிக்கல். பொரித்த அன்றே அவற்றைக் கொல்வதை ஜெர்மனி 2022 சனவரி முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆண் பெண் அறியும் கருவிகள் அங்கே பயனுக்கு வந்துள்ளன. இங்கே அவை சாயம் பூசிக்கொண்டு கிராமத்துக்கு வருகின்றன.

தாயின் சூடும் தடுப்பு மருந்தும் இல்லாமல் வரும் இவற்றில் பல ஒரு வாரத்துக்குள் மடியும். அது போக, நோயைக் கொண்டுவந்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டும் மடியலாம். பிழைத்து வளர்வதில்தான் இன்னும் பெரிய கெடுதல் இருக்கிறது. வெள்ளையாக, உயரமாக, பெரிய கொண்டையுடன் வளரும் அந்தச் சேவல் "சீமைச் சேவல்" என்ற மதிப்புடன் வீட்டுப் பெட்டைகளோடு சேர்கிறது. அதன் மகள்கள் முட்டை கூடுதலாக இடலாம். ஆனால் லெகார்ன் இனம் அடை படுக்கும் குணத்தை இழந்த இனம். இரண்டு தலைமுறையில் அந்த வீட்டில் அடைக்கு உட்காரவும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயவும் கோழி இராது. வெள்ளை நிறமும் குஞ்சுகளில் இறங்கிவிடும். மலையடிவாரத்தில் பருந்தின் கண்ணில் முதலில் படுவது வெள்ளைக் குஞ்சே.

எட்டு வாரம் பொறுத்தால்

நாட்டுக் கோழி வளர்ப்போருக்குப் பொறுமையைப்போல் நம்பகமான முறை வேறில்லை. நாலாம் வாரத்திலேயே பல குஞ்சுகளில் வேறுபாடு தெரியத் தொடங்கும். சேவல் குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கும், கால் தடிக்கும். பெட்டைக்கு வாலும் முதுகு இறகும் முந்தி நிரம்பும், சேவலுக்கு முதுகு சிறிது நாள் மொட்டையாக இருக்கும். எட்டு வாரத்தில் சிறுவிடைக் கோழிகளில் அநேகமாக எல்லாவற்றையும் பிரித்துவிடலாம். பெருவிடையில் கொண்டை சிறிதாகவும் தட்டையாகவும் இருப்பதால் இன்னும் சில வாரம் ஆகும். அங்கே காலின் பருமனையும் நிற்கும் தோரணையையும் பார்ப்பது நலம். பன்னிரண்டு வாரத்தில் ஐயத்துக்கு இடமில்லை. கழுத்திலும் இடுப்பிலும் நீண்டு முனை கூர்ந்து பளபளக்கும் இறகு சேவலுக்கே முளைக்கும். பெட்டையின் இறகு நுனி வட்டமாக இருக்கும்.

பெட்டைதான் வேண்டும் என்போர் எட்டு வாரம் வளர்ந்த குஞ்சாகவே வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் சாகும் பருவத்தை அது தாண்டியிருக்கும், பெட்டை என்பதும் கண்ணுக்குத் தெரியும். பண்ணை முறையில் முட்டைக்கென்றே நூறு, இருநூறு என்று வளர்ப்போர் மட்டும் முட்டை இனக் குஞ்சுகளைப் பிரித்துக் கொடுக்கும் பொரிப்பகத்தில், தவறு எத்தனை சதவீதம் வரை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுக்க வேண்டும்.

கொடைக்குப் போகும் சேவல்

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டில் அடுத்து வரும் குஞ்சுகள் அத்தனைக்கும் தந்தை அந்தச் சேவலே. குஞ்சுகளின் இரத்தத்தில் சரிபாதி அதனுடையது. பெட்டைகள் பத்தும் மீதிப் பாதியைப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒரு பெட்டையின் பங்கு இருபதில் ஒன்றுதான். தேர்வில் தவறினால், ஒரு பெட்டையால் வரும் கேட்டைப்போல் பத்து மடங்கு கேடு ஒரு சேவலால் வரும். மாட்டைச் சினைப்படுத்தக் காளை தேடி அலையும் அதே விவசாயி, கோழி விஷயத்தில் மட்டும் விற்காமல் மிஞ்சிய சேவலைப் பொலிசேவலாக வைத்துக்கொள்கிறார்.

ஏன் மிஞ்சியது அது? வியாபாரி வந்தபோது எடை நிற்கவில்லை. கொடைக்குக் கேட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேறொன்றைப் பிடித்தார். உடன் பொரித்தவையெல்லாம் ஐந்தாறு மாதத்தில் விலை போக, வளர்த்தி குன்றிய ஒன்று மட்டும் கொல்லையில் நிற்கிறது. பெட்டைகளுக்கு வேறு துணை இல்லை. இப்படி ஆண்டுதோறும் நல்லதை வெளியே அனுப்பி, நோஞ்சானைத் தந்தையாக்கி வந்தால், "முன்பிருந்த கோழி மாதிரி இப்போது இல்லை" என்று குறைப்படுவதில் வியப்பில்லை. விதை நெல்லைப் பதராகப் பார்த்து எடுத்து வைப்பவர் உண்டா?

சாமிக்கு நேர்ந்ததைக் கொடுக்க வேண்டாம் என்பதன்று கருத்து. பொலிசேவலைத் தேர்ந்து அடையாளம் இட்டுவிட்டு, அடுத்ததை நேர்ந்துகொள்ளலாம். இந்த முடிவை வியாபாரி வாசலில் நிற்கும்போது எடுக்கக்கூடாது. அப்போது பணம்தான் பேசும்.

தேர்வு எட்டாம் வாரத்திலேயே தொடங்க வேண்டும். வேண்டியது ஒரு சேவலானால் மூன்றை ஒதுக்க வேண்டும். எடையை ஒப்பிடும்போது ஒரே அடையில் பொரித்தவற்றுக்குள் ஒப்பிட வேண்டும். மாசியில் பொரித்ததையும் ஐப்பசி மழையில் பொரித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. அலகு கோணல், விரல் வளைவு, மார்பெலும்பு கோணல் உள்ளதைக் கழித்துவிட வேண்டும். ஐந்தாம் மாதத்தில் மீண்டும் மூன்றையும் பார்த்து, கண் தெளிவும், முதுகு அகலமும், நடையில் திடமும் உள்ள ஒன்றை நிறுத்தலாம். தீனி கண்டால் பெட்டைகளைக் கூவி அழைக்கும் சேவல் நல்லது. குழந்தைகளைக் கொத்த வருவதை எவ்வளவு எடை நின்றாலும் நிறுத்தக்கூடாது. அந்தக் குணமும் மகனுக்குப் போகும்.

பெரிய சேவலே நல்ல சேவல் என்று எண்ணிவிடுவதும் பிழை. சிறுவிடைப் பெட்டைகளுக்குக் கனத்த பெருவிடைச் சேவலைச் சேர்க்கும் ஆசை பலருக்கு உண்டு. குஞ்சு பெரிதாக வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து தோல் கிழியும். சேர்க்கை சரியாக அமையாமல் கருக்கூடாத முட்டை மிகும். உடற்கனம் கூடினால் முட்டை எண்ணிக்கை குறைவது கோழியினத்தின் பொது இயல்பு. முட்டையும் குஞ்சும் வேண்டும் வீட்டுக்குச் சிறுவிடைக்குச் சிறுவிடையே பொருத்தம். கறிக்கு விற்க வளர்ப்போர் மட்டும் பெருவிடையைப் பெருவிடையோடு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

உடல் எடை என்ற குணம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு நன்றாக இறங்குவது. ஆதலால் சேவலைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தாலே பலன் தெரியும். முட்டைக் குணம் அவ்வளவு எளிதில் இறங்காது. சேவலைப் பார்த்து அதை அறியவும் முடியாது. அதற்குச் சேவலின் தாயைப் பார்க்க வேண்டும். இங்கேதான் வீட்டுப் பெண்களின் நினைவு பெரிய பதிவேடாக உதவுகிறது. எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது, எத்தனை பொரித்தது, எத்தனைக் குஞ்சைக் கீரிக்கும் பருந்துக்கும் கொடுக்காமல் வளர்த்தது என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டின் பக்கத்துச் சுவரில் கோழிக்கு ஒரு கரிக்கோடு வரிசை இருந்தால் போதும். நல்ல தாயின் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே ஒரு நிறத்து நூலைக் காலில் தளர்வாகக் கட்டி, கால் பருக்கப் பருக்க மாற்றிக் கட்டி வரவேண்டும். மறந்தால் நூல் சதையில் இறங்கிவிடும். முதல் நாள் குஞ்சில் அறிய வேண்டியது அது யாருடைய பிள்ளை என்பதே. ஆணா பெண்ணா என்பது பின்னால் தானே தெரியும்.

அடைக்கு வைக்கும் முட்டையிலும் சிறிது கவனம் தேவை. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஓடு மெலிந்ததும் ஆகா. இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையாக இருக்க வேண்டும். முதல் முதலாக முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழியின் தொடக்க முட்டைகளை வீட்டில் சமைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஊர்ச் சேவல்

நல்ல சேவல் அமைந்துவிட்டது என்று அதையே நாலைந்து ஆண்டு வைத்திருப்பதும் கூடாது. அடுத்த ஆண்டு அதனுடன் சேர்வன அதன் மகள்களே. தந்தை மகள் சேர்க்கையும் உடன்பிறப்புச் சேர்க்கையும் தொடர்ந்தால் முதலில் குஞ்சு பொரிப்பது குறையும், பிறகு குஞ்சு சாவு கூடும், வளர்த்தி குன்றும். "முட்டை எல்லாம் கூமுட்டையாகிறது" என்று அடைக்கோழியைப் பழிக்கும் வீடுகளில், பொலிசேவல் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பணச் செலவு இல்லாத வழி மாற்றிக்கொள்வது. வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் நன்கு தேறிய சேவலைச் சிவகிரிப் பக்கத்து உறவினர் வீட்டுச் சேவலுடன் மாற்றிக்கொண்டால் இரு வீட்டுக்கும் புது இரத்தம் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். வரும் சேவல் நோயற்ற கூட்டத்திலிருந்து வந்ததா, கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டதா என்று கேட்டு, இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும்.

கால்நடைத் துறை மூலமும் பிற வழியிலும் வனராஜா, கிராமப்பிரியா போன்ற கோழிகள் கிராமங்களுக்கு வந்துள்ளன. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இக்கோழிகள் வளர்த்தியிலும் முட்டையிலும் சிறந்தவையே. ஆனால் இவை கலப்பினம். இவற்றின் சேவலைப் பார்த்து மயங்கி அதைப் பொலிசேவலாக்கினால், குஞ்சுகள் தாய் தந்தையைப்போல் ஒரு சீராக வாரா. சோளத்தில் வீரிய ஒட்டு விதையை அறுவடையிலிருந்து எடுத்து மறுபடி விதைத்தவர்களுக்கு இது புரியும்.

சேவலை மாற்றும்போது பலரும் கவனியாத செய்தி ஒன்று. ஒரு முறை சேர்ந்த சேவலின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு தங்கியிருக்கும். பழைய சேவல் போன மறுநாளே புதுச் சேவலை விட்டு, அந்த வார முட்டையை அடைக்கு வைத்துவிட்டுப் புதுச் சேவலின் குஞ்சு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பழையதை அகற்றி மூன்று வாரம் வரும் முட்டைகளை வீட்டுக்கும் விற்பனைக்கும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின் இடும் முட்டைகளை அடைக்குச் சேர்க்க வேண்டும். பொலிசேவல் ஒன்றுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை வரை போதும். மூன்று நான்கு பெட்டை மட்டுமே உள்ள வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் எல்லாருக்குமாக ஒரு நல்ல சேவலை நிறுத்தி, மற்றவற்றை விற்றுவிடலாம். அந்தச் சேவலுக்குத் தவிடும் குருணையும் தருவதை முறை வைத்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்து வெயில் ஏறும் முன்பான தை, மாசியில் பொரிக்கும் குஞ்சு நன்றாகத் தேறும். பங்குனி, சித்திரையில் அதற்கு எட்டு வாரம் நிரம்புகையில் முதல் தேர்வைச் செய்யலாம். ஆடியில் ஐந்து மாதம் முடிந்திருக்கும். இரண்டாம் தேர்வை அப்போது முடித்து, நிறுத்தும் சேவலின் காலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், தீபாவளிக்கு வியாபாரி வரும்போது எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.